பற்றுப் புத்தகம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கட்டுரைகளை ஐந்தாறு ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்கு எதிரே இருந்த மாமா கடையை, அந்தச் சின்ன மளிகைக் கடையை, சென்ற மாதம் மூடிவிட்டார்கள். எனக்கு நான்கு வயதாக இருந்தபோது இங்கே குடிவந்தோம். அப்போதே அந்தக் கடை இருந்தது. ஐஸ் பொட்டோங் என்ற துண்டு ஐஸ்கிரீம், அதிர்ஷ்டம் பார்க்கும் திக்காம் அட்டை, கண்ணாடி ஜாடியில் மிட்டாய், கயிற்றில் தொங்கும் மைலோ டின்னில் சில்லறை எல்லாம் நான் பார்த்தது அங்கேதான். இப்போது அந்த இடத்தில் 24 மணி நேரக் கடை ஒன்று வந்திருக்கிறது. தீவு முழுக்கப் பார்த்த அதே பலகை, அதே விளக்கு. காசு வாங்கக்கூட ஆள் இல்லை, இயந்திரம்தான். அந்தப் பக்கம் போனாலே மனம் கனத்துப்போகிறது.

மனைவியும் நானும் வேலைக்குப் போகிறோம். வாரச் சாமான்களைக் கைபேசியிலேயே வாங்கிவிடுகிறோம். அதனால் சமீப ஆண்டுகளில் மாமா கடைக்கு அதிகம் போக முடியவில்லை. ஆனாலும் அது அங்கே இருக்கிறது என்பதே ஓர் ஆறுதல். அவருடைய பிள்ளைகள் நன்றாகப் படித்தவர்கள். ஒருவராவது கடையை எடுத்து நடத்தியிருக்கலாம். இப்படிப்பட்ட கடைகளைப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்து, குறைந்த வாடகைக்கு விட்டு, அரசாங்கம் காப்பாற்ற வேண்டாமா? பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதா? அந்தக் காலத்து மனிதர்களிடம் இருந்த அன்பு இனி வருமா? நீங்கள் இதைப் பற்றி எழுத வேண்டும்.

மாமா இன்னும் இங்கேதான் இருக்கிறார். காலையில் காப்பிக்கடையில் தனியாக உட்கார்ந்திருப்பார். நான் தலையசைத்துவிட்டு எம்ஆர்டி ரயிலுக்குப் போய்விடுகிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு வரியில் பதில் அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. சென்ற மாதம் அம்மாவுக்குத் திதி கொடுத்த நாளிலிருந்து நானும் ஒரு கடையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல்லுங்கள். அவரிடம் நீங்கள் கடைசியாக வாங்கிய பொருள் எது? உங்கள் கடிதத்தில் ஐஸ் இருக்கிறது, மிட்டாய் இருக்கிறது, திக்காம் இருக்கிறது. எல்லாம் பத்து வயதுப் பையன் வாங்கியவை. சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு வாங்கிய பொருள் ஒன்றுகூட இல்லை. அரிசி இல்லை, எண்ணெய் இல்லை, ஒரு தீப்பெட்டிகூட இல்லை. கடை அங்கே இருந்தது உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. அந்த ஆறுதலை வைத்து அவர் வாடகை கட்ட முடியாது தம்பி. இன்னொன்று. முப்பது வருடத்துக்கு மேல் பார்த்த மனிதரின் பெயர் உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் வரவில்லை. அவருக்கு எந்த ஊர் என்பதும் இல்லை. கயிற்றில் தொங்கிய டின்னுக்கு மட்டும் பெயர் இருக்கிறது.

அரசாங்கத்தைப் பற்றிய கேள்வியை நான் நீட்டப்போவதில்லை. குறைந்த வாடகைக்குத் தரட்டும், நல்லதுதான். சிராங்கூன் சாலைப் பக்கத்துப் பழைய கடைவீடுகளில் எத்தனையோ கடைகள் அவ்வளவு காலம் நின்றதே 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் தயவில்தான். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி 2001இல் முழுக்க எடுத்துவிட்டார்கள். வீடமைப்புப் பேட்டைகளின் கதை வேறு. 1990களில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), வாடகைக்கு இருந்த கடைக்காரர்கள் பலருக்கே கடைகளை விற்றது. வாங்கியவர்கள் வயதானதும் தாங்கள் உட்கார முடியாமல் வேறொருவருக்கு வாடகைக்கு விட்டார்கள். அந்த வாடகைதான் இப்போது அவர்களுக்குச் சோறு போடுகிறது. உங்கள் மாமாவும் அப்படி ஒருவரா என்று எனக்குத் தெரியாது. விசாரித்தீர்களா? பாரம்பரியக் கடை என்று பலகை அடித்து மாட்டுவது எளிது. பலகைக்குக் கீழே காலை ஐந்தரையிலிருந்து இரவு பத்தரை வரை யாரை உட்கார வைப்பது?

பிள்ளைகளில் ஒருவராவது எடுத்து நடத்தியிருக்கலாம் என்ற வரியில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. உங்கள் அப்பா செய்த வேலையை நீங்கள் ஏன் எடுத்துச் செய்யவில்லை? ரொட்டி வண்டி வருவதற்கு முன்னால் எழுந்து, பெருநாளுக்கு இரண்டு நாள் மட்டும் கடையைச் சாத்தி, மற்ற நாளெல்லாம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து அவர் சேர்த்த காசில்தான் அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். அவர்கள் அந்த முக்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் அவர் உட்கார்ந்தார். அது நிறைவேறியிருக்கிறது. நீங்களும் நானும் நடைப்பயிற்சி போகும்போது பார்த்து மகிழ்வதற்காக அவர் மகள் கல்லாவில் உட்கார வேண்டுமா?

பெரிய நிறுவனங்கள் விழுங்கின என்கிறீர்கள். என் அப்பா தொழிற்சங்க உறுப்பினர். பேரங்காடியைக் கடைசி வரை 'நம்ம சங்கத்துக் கடை' என்றுதான் சொல்வார். அது வெறும் பேச்சு இல்லை. 1973இல் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோ பாயோவில் 'வெல்கம்' என்ற கூட்டுறவுக் கடையைத் தொடங்கியது, அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ வந்து திறந்துவைத்தார். விலைவாசி ஏறு ஏறென்று ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த ஆண்டு பணவீக்கம் 22 விழுக்காட்டைத் தாண்டியது. இருப்பை வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லி விலையை ஏற்றிய வியாபாரிகளும் இருந்தார்கள். அவர்களுடையதும் குடும்பக் கடைகள்தான். கூலிக்காரன் நியாயமான விலைக்கு அரிசி வாங்க வேண்டும் என்றுதான் அந்தக் கூட்டுறவு வந்தது. பிறகு 1983இல் இன்னொரு கூட்டுறவுடன் சேர்ந்து ஃபேர்பிரைஸ் பேரங்காடி ஆனது. ஷெங் சியோங் பேரங்காடி யாருடையது? பன்றிப் பண்ணை வைத்திருந்த குடும்பத்துச் சகோதரர்கள் 1985இல் அங் மோ கியோவில் ஒரு கடையில் தொடங்கியது. முஸ்தபா பெருங்கடை? கேம்பல் லேனில் 1971இல் ஒரு சின்னத் துணிக்கடை. குடும்பக் கடை ஒரு பக்கம், சங்கிலிக் கடை மறு பக்கம் என்று கோடு போட்டு நிறுத்த முடியாது. சில குடும்பக் கடைகள் வளர்ந்தன, மற்றவை சாத்தின.

அப்புறம், மாமா கடையின் வருமானம் எதிலிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். சிகரெட், செய்தித்தாள், வார இதழ், தொலைபேசி அட்டை, சூயிங்கம். சூயிங்கம் 1992 ஜனவரியோடு போனது. சிகரெட்டை 2017 முதல் கண்ணில் படும்படி அடுக்கக் கூடாது. செய்தித்தாளையும் அட்டையையும் கைபேசி தின்றுவிட்டது. இதைப் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் தாத்தா செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அப்பா பக்கத்திலேயே ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. சோங் பாங் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்தோம். அங்கே மளிகைக் கடை ஒரு சீன தௌக்கேயுடையது, முதலாளியைத்தான் அப்படிச் சொல்வோம். அவரும் அம்மாவும் மலாயில் பேசிக்கொள்வார்கள். மாதம் முழுக்கச் சாமான் வாங்கி, சம்பள நாளில் கணக்குத் தீர்ப்போம். தௌக்கே எங்கள் பக்கத்தின் மேலே சீனத்தில் ஏதோ எழுதியிருப்பார். அது அப்பாவின் பெயரா, அடையாளமா, வீட்டில் யாருக்கும் தெரியாது. 'மீசைக்காரன்னு எழுதியிருப்பான்' என்று அம்மா சொல்வார்.

1982இல் ஈசூனில் நாலாம் மாடியில் வீடு கிடைத்தது. கீழ்த்தளத்தில் தூண்களுக்கு நடுவே ஒரு மாமா கடை. சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் அவரை மாமா என்றார்கள். நாங்கள் பாய் என்போம். அம்மா மட்டும் அண்ணே. இரண்டு ஆள் நிற்க இடமில்லாத கடைக்குள் அரிசி, சீனி, மத்தி டின், கெட்டிப்பால், பிஸ்கட், சலவைத்தூள், ஊதுபத்தி எல்லாம் எப்படித்தான் அடங்கியதோ. ஒரு ஆணியில் 555 நோட்டுகள் கட்டாகத் தொங்கும். சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு அது, அட்டையில் 555 என்று போட்டிருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு நோட்டு. தேதி, சாமான், வெள்ளி (டாலர்), காசு.

1985 உங்களுக்கு நினைவிருக்காது. சுதந்திரத்துக்குப் பிறகு சிங்கப்பூருக்கு வந்த முதல் பொருளியல் மந்தநிலை அது. மறு ஆண்டு முதலாளிகள் கட்டும் மத்திய சேம நிதிப் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்குக் குறைத்தார்கள். வேலை இருந்தவர்களுக்கே அந்த நிலை. கப்பல் பட்டறைகளில் ஆட்குறைப்பு. அப்பா பெயரும் பட்டியலில் வந்தது. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். அப்பா பதினாறு மாதம் நிரந்தர வேலை இல்லாமல் இருந்தார். அங்கே இரண்டு நாள், இங்கே நான்கு நாள் என்று போவார்.

அந்தப் பதினாறு மாதமும் எங்களுக்குச் சோறு போட்டது அந்த 555 நோட்டு. சாமான் வாங்கப் போவது நான்தான். அப்பாவுக்கு வெட்கம், அம்மாவுக்கு அதைவிட வெட்கம். பாய் நோட்டை எடுத்து எழுதும்போது கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். பின்னால் நிற்கிறவர் கண்ணில் பக்கம் படக் கூடாது. நான் முதல் தடவையாக விலக்கான அன்று அம்மாவுக்குக் காய்ச்சல், நானே போக வேண்டியதாயிற்று. என்ன வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை, கையை நீட்டிக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பொட்டலத்தைத் தமிழ் முரசுத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே ஒரு ரொட்டியையும் வைத்துக் கொடுத்தார். நோட்டில் 'சாமான் 2.40' என்று மட்டும் எழுதினார். நோட்டை அப்பாவும் பார்ப்பார், தம்பிகளும் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் ஊரில் மகள்கள் இருந்தார்கள். அவர் மனைவிக்கு எழுதும் நீலநிற வான்கடிதத்தை நான் பள்ளிக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போடுவேன். மேலே மனைவியின் பெயரும் கூத்தாநல்லூர் விலாசமும் இருக்கும். அனுப்புகிறவர் இடத்தில் கடை விலாசம் மட்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போய் வருவார். நீங்கள் 'அந்தக் காலத்து அன்பு' என்று எழுதிய மூன்று சொல்லுக்குள் அந்த அம்மாள் தனியாகக் கிடந்த வருடங்களும் இருக்கின்றன.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கடைக்குப் போவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டு வயிறு அவருக்குத் தெரியும். பத்துக் கிலோ மூட்டை வாங்கிய வீடு இரண்டு கிலோ சில்லறை அரிசிக்கு வந்தது அவருக்குத் தெரியும். மத்தி டின் வாங்கினால் விருந்தாளி வந்திருக்கிறார் என்று தெரியும். ஒரு வாரம் முட்டை வாங்காவிட்டால் அதுவும் தெரியும். அவர் ஒரு சொல் சொன்னதில்லை. ஒரு முறைகூட 'எப்போ தருவீங்க' என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும். கேட்காத மனிதர் முன்னால் நிற்பது மிகவும் கஷ்டம் தம்பி.

1987 பிப்ரவரியில் அப்பாவுக்கு வேறோர் இடத்தில் வேலை கிடைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அம்மா ஒரு வளையலை விற்று, அதோடு சேர்த்துக் கொண்டுபோய் மொத்தக் கடனையும் ஒரே நாளில் கட்டினார். 412 வெள்ளி 60 காசு. அறுபது காசை விட்டுவிடச் சொன்னார் பாய். அம்மா விடவில்லை. அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டு 'தீர்ந்தது' என்று எழுதி, பிள்ளைகளுக்கு என்று ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அம்மா அதையும் வாங்கவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா அந்தக் கடைக்குப் போகவில்லை.

பதினைந்து நிமிடம் நடந்தால் பேரங்காடி. வெயிலில் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார். பஸ் நிறுத்தத்துக்குப் போவதானால்கூடப் புளோக்கின் பின்பக்கமாகச் சுற்றிப் போவார். எங்களையும் அங்கே அனுப்ப மாட்டார். 'அங்க பத்து காசு, இருபது காசு கூட' என்பார். அது பொய் இல்லை, பாய் கடையில் விலை கொஞ்சம் கூடத்தான். எங்கள் வீடு மட்டும் இல்லை. ஆறாம் மாடியில் இருந்த ஒரு மலாய்க் குடும்பம், எதிர் வீட்டுச் சீனப் பாட்டி, அப்பாவோடு வேலை இழந்த இன்னும் இரண்டு பேர் எல்லாருக்கும் அந்த ஆணியில் நோட்டு தொங்கியது. கையில் சம்பளம் வந்ததும் எல்லாரும் பேரங்காடித் தள்ளுவண்டிக்குப் போனோம். மாதக் கடைசியில் கை காய்ந்தவர்கள் மட்டும் பாயிடம் வந்தார்கள்.

உங்கள் கடிதத்தின் எல்லாக் கேள்விக்கும் நான் வைத்திருக்கும் பதில் இது ஒன்றுதான். காசு உள்ள நாளில் பேரங்காடி, காசில்லாத நாளில் மாமா கடை. ரொக்கம் அங்கே, கடன் இங்கே. மொத்த வியாபாரி பாயிடம் வாரா வாரம் வந்து பணம் கேட்பார், அவரிடம் நோட்டை நீட்ட முடியாது. ஒரு கடைக்குக் கடன் வாடிக்கையாளர் மட்டும் மிஞ்சினால் அது எத்தனை நாள் ஓடும்? விலை கூட என்று நாம் குறைப்பட்டுக்கொண்ட அந்த இருபது காசுதான் பதினாறு மாதக் கடனுக்கு அவர் எடுத்துக்கொண்ட வட்டி. அதைக்கூட அவர் எங்களிடம் வசூலித்து முடிக்கவில்லை. கடன் தீர்ந்த பிறகு நாங்கள் ரொக்கத்துக்கு வாங்கியிருந்தால் வசூலாகியிருக்கும். இன்று கடனட்டையில் நிலுவை வைத்தால் ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் வட்டி. அதை முகம் சுளிக்காமல் கட்டுகிறோம், ஏனென்றால் அந்த அட்டைக்கு நம் வீட்டில் முட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பதற்காகத்தான் நாம் கூடுதலாகக் கொடுக்கிறோம். இருபது காசு கொடுக்க மனமில்லாதவர்கள் 25 விழுக்காடு கொடுக்கிறோம்.

கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் பற்று, ஒரு பக்கம் வரவு என்று எழுதுவார்கள். கொடுக்க வேண்டிய கடனுக்கும் பற்று என்றுதான் பெயர், மனம் ஒட்டியிருப்பதற்கும் பற்று என்றுதான் பெயர். பாயின் ஆணியில் தொங்கிய நோட்டுகளில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. அதனால்தான் அம்மா ஒன்றைத் தீர்த்தபோது மற்றதையும் சேர்த்து அறுத்துக்கொண்டு வந்தார். இப்போது அரசாங்கம் வீட்டுக்கு வீடு சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டு தருகிறது, கடையில் காசுக்குப் பதிலாகக் கொடுக்கலாம். முதலில் அக்கம்பக்கக் கடைகளிலும் உணவங்காடிகளிலும் மட்டும்தான் செல்லும். 2023 ஜனவரியில் 300 வெள்ளி தந்தபோது அதில் பாதியைப் பேரங்காடியிலும் செலவழிக்கலாம் என்று ஆக்கினார்கள். மற்றப் பாதி இன்னமும் சின்னக் கடைகளுக்குத்தான். உங்கள் வீட்டுக்கு வந்த அந்தப் பாதியை எங்கே செலவழித்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நான் முழுக்கச் சாப்பாட்டுக்கடைகளில் செலவழித்தேன். ஒரு வெள்ளிகூட மளிகைக் கடையில் இல்லை. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

அம்மாவிடம் பல வருடம் கழித்து, அவர் நோயில் படுத்திருந்தபோது கேட்டேன். பாய் கடைக்கு ஏன்மா போகவே இல்லை? 'அவர் முகத்தைப் பார்த்தா அந்த வருஷம் ஞாபகம் வருதுடி' என்றார். கொஞ்சம் கழித்து, 'அவர் என்ன நினைச்சிருப்பாரு' என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

1991இல் நாங்கள் உட்லண்ட்ஸுக்கு வீடு மாறினோம். சாமான் கட்ட அட்டைப் பெட்டி வேண்டும். பேரங்காடியில் போய்க் கேட்டேன், பெட்டிகளை அன்றன்றே நசுக்கி அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். லாரி வருவது மறுநாள் காலை. இரவு ஒன்பதரைக்கு அம்மா சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், 'கீழ போய்க் கேட்டுப் பாரு' என்றார். எந்தக் கீழ என்று நான் கேட்கவில்லை.

பாய் கடையைச் சாத்த ஆரம்பித்திருந்தார். நாலு வருடம் கழித்து முன்னால் போய் நிற்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. பெட்டி வேண்டும் என்றேன். வீடு மாறுகிறோம் என்றேன். 'தெரியும்மா, நேத்தே எடுத்து வெச்சுட்டேன்' என்று சொல்லிப் பலகைக்குப் பின்னாலிருந்து இழுத்தார். மைலோப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, எண்ணெய்ப் பெட்டி என்று பதினான்கு பெட்டி மடித்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கண்ணாடிச் சாமானுக்கு என்று பழைய செய்தித்தாள் ஒரு கட்டு. என்னால் தூக்க முடியாது என்று அவரே மின்தூக்கி வரைக்கும் கொண்டுவந்து வைத்தார். 'அம்மா சுகமா இருக்காங்களா' என்று கேட்டார். இருக்காங்க என்றேன். கதவு மூடிவிட்டது.

உங்களைப் பெயர் தெரியாதவர் என்று திட்டினேன். எனக்கும் அவர் பெயர் தெரியாது. மனைவியின் பெயரை அத்தனை கடிதத்தில் படித்திருக்கிறேன், அவர் பெயரை ஒரு நாளும் கேட்டதில்லை. 1990களின் கடைசியில் ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். கடை இருந்த இடத்தில் பூட்டு. அடுத்த முறை போனபோது அந்த இடத்தையே சுவர் எழுப்பி மூடியிருந்தார்கள். மேல் மாடியில் விசாரித்தேன், ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த வருடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

சரி. மாமாவிடம் என்ன பேசுவது என்று எழுதியிருந்தீர்கள். நாளைக் காலை இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு அவர் மேசையில் உட்காருங்கள். கடையைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள், அவர் ஆரம்பிக்கட்டும். பெயரைக் கேளுங்கள். எந்த ஊர், எந்த வருடம் வந்தார், மனைவி எங்கே இருந்தார் என்று கேளுங்கள். திரும்பி வராத கடன் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவர் நோட்டு.

கூத்தாநல்லூர்ப் பக்கம் என்று சொன்னால் எனக்கு உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
மீ.